மோளம் திரும்பி வந்த கதை

(பாகூர் கொம்யூனில் ஒரு சேரித் திடலில், பறைப் பயிற்சி முடித்த பிள்ளைகளின் முதல் நிகழ்ச்சியன்று பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



பாடகர் கத்தரைப் பற்றி இருபது நிமிஷம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். நான் மேடைப் பேச்சாளன் இல்லை. வில்லியனூர் பக்கம் ஒரு வங்கியில் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அடுத்தவர் பணத்தை எண்ணுகிறவன். கூட்டம் குறைந்த நேரத்தில் செலானுக்குப் பின்பக்கம் கவிதை எழுதுகிறவன். கொஞ்சம் முன்னே பின்னே பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நான் பேசப்போகிற விஷயத்தைப் பேச என்னைவிட உரிமை உள்ளவர் அதோ, துண்டை விரித்து மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். என் பெரியப்பா. 26 வருஷம் மோளத்தைத் தொடாமல் இருந்துவிட்டு இந்த வருஷம்தான் கையில் எடுத்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பிள்ளைகள் அடித்தார்களே, அதில் நடுவில் வந்த புது அடி அவர் கட்டியது. ஊர்ப் பக்கத்திலிருந்து, திருவிழாவுக்கு வந்து அடிக்கச் சொல்லி ஆள் வந்து போயிருப்பதும் உங்களுக்குத் தெரியும். போவதா, வேண்டாமா என்று இன்றைக்கு ராத்திரி குழு உட்கார்ந்து பேசப்போகிறது. அதற்கு முன்னால் என் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2023 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஐதராபாத்தில் கத்தர் செத்துப்போனார். இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 8ஆம் தேதி, அமெரிக்காவில் இன்னொரு பாட்டுக்காரர் செத்துப்போனார். அவர் பெயர் சிக்ஸ்டோ ரோட்ரிகஸ். கத்தருக்காக நம் தெருவில் மெழுகுவத்தி ஏற்றினோம். ரோட்ரிகஸ் யார் என்று இங்கே யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. இந்த இரண்டு பேரையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று புரிகிறது. அதைச் சொல்லத்தான் நிற்கிறேன்.

ரோட்ரிகஸ் ராக் பாட்டுக்காரர். ராக் என்றால் நம் பிள்ளைகளுக்குத் தெரியும், கிட்டாரும் டிரம்ஸுமாக மேடையே அதிரும். இவர் அவ்வளவு சத்தம் போடுகிறவர் இல்லை. 1942இல் டெட்ராய்ட் நகரத்தில் பிறந்தார். அது கார் தொழிற்சாலைகளின் ஊர். அப்பா மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி. ரோட்ரிகஸ் நகரத்து ஏழைகளைப் பற்றிப் பாடினார். 1970இல் ஒரு இசைத்தட்டு, 1971இல் இன்னொன்று. இரண்டும் அமெரிக்காவில் விற்கவில்லை. கம்பெனி கைவிட்டது. அவர் என்ன செய்தார்? பழைய வீடுகளை இடிக்கிற வேலைக்குப் போனார். செங்கல் சுமந்தார், குப்பை அள்ளினார், பிள்ளைகளை வளர்த்தார்.

ஆனால் அவருக்குத் தெரியாமல் அவர் பாட்டு கடல் தாண்டித் தென்னாப்பிரிக்காவில் வீட்டுக்கு வீடு ஓடியது. அங்கே நிறவெறி அரசாங்கம் நடந்த காலம். அரசு வானொலி சில பாட்டுகளை ஒலிபரப்பக் கூடாது என்றது. ஆனாலும் லட்சக்கணக்கில் விற்றது. விற்ற காசு அவர் கைக்கு வரவில்லை. மேடையிலேயே தற்கொலை செய்துகொண்டார் என்று அங்கே ஒரு வதந்தி. ரசிகர்கள் தேடிக் கண்டுபிடித்தபோது ஆள் உயிரோடு இருக்கிறார், டெட்ராய்ட்டில் கூலி வேலை செய்துகொண்டிருக்கிறார். 1998இல் அவரைக் கூட்டி வந்து மேடையேற்றினார்கள். ஆயிரக்கணக்கான பேர் அழுதுகொண்டே கூடவே பாடினார்கள். இந்தக் கதை 2012இல் படமாக வந்தது, 2013இல் ஆஸ்கார் விருது வாங்கியது. நான் அப்போது மாணவன். விடுதி அறையில் நண்பனுடைய லேப்டாப்பில் பார்த்துவிட்டு நானும் அழுதேன். பொய் சொல்லவில்லை.

அப்புறம் யோசித்தேன். அழுகை வடிந்த பிறகுதானே புத்தி வேலை செய்யும்.

ரோட்ரிகஸைத் தேடி அலைந்தவர்கள் யார்? பெரும்பாலும் வெள்ளைக்கார நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகள். அவர்களுக்கும் அந்த அரசாங்கத்தின் மேல் கசப்பு இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே நாட்டில் மிரியம் மகேபா என்று ஒரு கறுப்பினப் பாடகி இருந்தார். 1960இல் அவருடைய பாஸ்போர்ட்டை ரத்து செய்தார்கள். தாய் செத்த சாவுக்குக்கூட அவரால் போக முடியவில்லை. 30 வருஷம் கழித்து 1990இல், மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்த பிறகுதான், சொந்த மண்ணில் கால் வைத்தார். ஒரே நாடு. ஒருவரைக் காணவில்லை என்று தேடுகிறார்கள். இன்னொருவரை வராதே என்று கதவைச் சாத்துகிறார்கள். முதல் கதை உலகத்தையே அழ வைத்தது. இரண்டாவது கதைக்கு அந்தப் படத்தில் இடமில்லை.

அதனால் ஒரு பாட்டுக்காரன் பல வருஷம் காணாமல் இருந்து திரும்பி வந்தான் என்று யாராவது சொன்னால், கைதட்டுவதற்கு முன்னால் நாம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். அவன் ஏன் போனான்? யாரிடம் திரும்பி வந்தான்? எதைக் கொண்டு வந்தான்?

ரோட்ரிகஸிடம் மூன்றாவது கேள்வியைக் கேட்டால் பதில் கொஞ்சம் வருத்தமானது. அவர் புதுப் பாட்டோடு வரவில்லை. 1971க்குப் பிறகு சாகிற வரைக்கும் புதுப் பாட்டுகளோடு இசைத்தட்டு எதுவும் அவர் போடவில்லை. ஜனங்களும் கேட்கவில்லை. அவர்களுக்கு அந்தப் பழைய பாட்டுதான் வேண்டும், தங்களுடைய இளமைக் காலம்தான் வேண்டும். அத்தனை வருஷம் வீடு இடித்த அந்தக் கைக்குள் என்ன பாட்டு இருந்தது என்று எவரும் விசாரிக்கவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை நான். கிடைத்த பணத்தில் பெரும்பகுதியை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் பழைய வீட்டிலேயே இருந்த மனுஷன் அவர்.

இந்த ராக் சங்கீதம் யாருடையது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வெள்ளைக்காரன் சங்கீதம் என்று நம்மில் பலபேர் நினைக்கிறோம். இல்லை. அது பருத்திக் காட்டில் பிறந்தது. மட்டி வாட்டர்ஸ் என்று ஒருவர். மிசிசிப்பியில் பண்ணையாரின் நிலத்தில் வாரத்துக்கு உழுத கறுப்பர். 1943இல் சிகாகோவுக்குப் போய் கிட்டாரில் மின்சாரத்தைச் செருகி வாசித்தார். அவருடைய ஒரு பாட்டின் பெயரைத்தான் லண்டன் பையன்கள் எடுத்துத் தங்கள் குழுவுக்கு ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ என்று வைத்துக்கொண்டார்கள். 2023இல் அந்தக் குழு, 18 வருஷத்துக்குப் பிறகு சொந்தப் பாட்டுகளோடு புது இசைத்தொகுப்பு போட்டது. எண்பது வயசுக் கிழவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்று உலகமே கொண்டாடியது. அவர்கள் எங்கே போனார்கள் திரும்பி வர? மாளிகையில் இருந்தார்கள், மறுபடி மேடைக்கு வந்தார்கள். எல்விஸ் பிரெஸ்லி 1956இல் பாடிப் பேர் வாங்கிய ஒரு பாட்டை, அதற்கு முன்னால் 1952இலேயே பாடிப் பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன் என்கிற கறுப்பினப் பெண். எல்விஸை எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மாவைக் கூகுளில் தேட வேண்டியிருக்கிறது.

அதற்கும் முன்னால் போனால் இன்னொரு செய்தி கிடைக்கிறது. 1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் கலகம் செய்தார்கள். மோளம் கொட்டிக்கொண்டே நடந்தார்கள், சத்தம் கேட்டு மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். அடக்கிய பிறகு, 1740இல் வெள்ளைக்காரர்கள் ஒரு சட்டம் போட்டார்கள். அடிமைகள் மோளம் வைத்திருக்கக் கூடாது, அடிக்கக் கூடாது.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அங்கே ஆண்டை, அடிக்காதே என்று சட்டம் போட்டான். இங்கே ஆண்டை, அடி என்று சட்டம் போட்டான். ஊரில் சாவு விழுந்தால் அடி. மாடு செத்தால் தூக்கு. சேதி வந்தால் பத்து மைல் நடந்து போய்ச் சொல்லு. கோயில் திருவிழா என்றால் தூரத்தில் நின்று அடி. அடிக்க மாட்டேன் என்றால் உதை. அங்கே அடிமை மோளத்தைத் திருட்டுத்தனமாக அடித்ததுதான் கலகம். இங்கே நாம் மோளத்தைக் கீழே வைத்ததுதான் கலகம்.

நம்மைப் பார்த்துச் சில நண்பர்கள் கேட்கிறார்கள்: “பறை ஆதித் தமிழன் இசையாச்சே, அதை ஏன் உங்க ஆளுங்க விட்டாங்க?” இந்தக் கேள்வி கேட்கிறவனுக்கு நம் அப்பன் பாட்டன் பட்டது தெரியாது. பாகூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற பழைய தென்னார்க்காட்டில் எல்.இளையபெருமாள், பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று சேரி சேரியாகப் போய்ப் போராட்டம் நடத்தினார். பிற்பாடு தீண்டாமை பற்றி இந்திய அரசு போட்ட குழுவுக்கு 1965இல் தலைவரானதும் அவர்தான். பாபாசாகேப் அம்பேத்கர் 1927இல் மகாத்தில் செத்த மாட்டுக் கறியைத் தின்னாதே என்று சொன்னதும் இதே வழிதான். இழிவை எது கொண்டுவருகிறதோ அதைக் கையிலிருந்து முதலில் உதறு. கையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நம் சேரியில் அது 1999இல் நடந்தது. எனக்கு எட்டு வயசு. பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும், பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

ஐப்பசி மழை. ஊரில் ஒரு பெரிய வீட்டுச் சாவு. சாயங்காலம் தொடங்கி விடிய விடிய அடிக்க வேண்டும். பந்தலுக்குள் நிற்கக் கூடாது, மாட்டுக் கொட்டகை ஓரம் நிற்க வேண்டும். தோல் நனைந்துவிட்டால் மோளம் பேசாது, வைக்கோல் கொளுத்திக் காய்ச்ச வேண்டும். அந்த மழையில் காய்ந்த வைக்கோல் ஒரு பிடி கேட்டார்கள். கொடுக்கவில்லை. ராத்திரி இரண்டு மணி சுமாருக்கு வீட்டாள் ஒருத்தன் வந்து, “இன்னாடா சத்தமே வரல, சோத்த துன்னுட்டு ஏமாத்துறீங்களா” என்று சொல்லிப் பெரியப்பா கழுத்தில் தொங்கிய மோளத்தைக் காலால் உதைத்தான். சட்டம் விட்டுப்போனது. பெரியப்பா சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் இதே திடலில் கூட்டம் போட்டார்கள். அப்போதைய இளைஞர்கள், இனிமேல் ஊருக்கு மோளம் இல்லை என்று முடிவு செய்தார்கள். சேரியிலிருந்த எல்லா மோளத்தையும் கொண்டுவந்து போட்டுக் கொளுத்தினார்கள். முதல் மோளம் பெரியப்பாவுடையது. தோல் எரிகிற நாற்றம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. மோளத்தைக் கொடுத்த பெரியப்பா குச்சியைக் கொடுக்கவில்லை. சிம்புக்குச்சி, அடிக்குச்சி இரண்டையும் கூரை எறவாணத்தில் சொருகி வைத்தார். அதை எவரும் கேட்கவுமில்லை.

அதற்குப் பிறகு என்ன ஆச்சு? அந்த வருஷம் ஊரில் நம் ஆட்களுக்கு நடவு வேலை இல்லை, அறுப்பு வேலை இல்லை. பாகூர் ஏரித் தண்ணி பாயும் நிலமெல்லாம் பச்சையாகக் கிடக்க, நம் அம்மாக்கள் விடியக்காலை எழுந்து அடுத்த கொம்யூன் வரைக்கும் நடந்து போய் நடவு நட்டார்கள். ஆம்பளைங்க பாண்டிக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். ஊருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. வேற ஊர்ச் சேரியிலிருந்து மோளக்காரர்களைக் கூட்டி வந்தார்கள். நாம் நிறுத்தினால் சாதி நின்றுவிடவில்லை, அடுத்த சேரிக்குப் போனது. இதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் நிறுத்தினோமே, அதனால்தான் நான் பள்ளிக்கூடத்தில் மோளக்காரன் பிள்ளை என்று பேர் எடுக்காமல் படித்தேன். என் வங்கி வேலைக்குப் போட்ட முதல் கையெழுத்து அந்தத் தீயில்தான் விழுந்தது.

இப்போது கத்தருக்கு வருகிறேன்.

கத்தரின் சொந்தப் பெயர் கும்மடி விட்டல் ராவ். மேதக் மாவட்டம் தூப்ரானில் தலித் குடும்பத்தில் பிறந்தவர். பஞ்சாபியர்கள் வெள்ளையனை எதிர்த்து ஆரம்பித்த கதர் கட்சியின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டார். அவர் கனரா வங்கியில் எழுத்தராக வேலை பார்த்தவர். ஆமாம் தோழர்களே, நான் செய்கிற அதே வேலை. அவரும் லெட்ஜர் எழுதினார், அவரும் ரூபாய் எண்ணினார். 1984இல் அந்த வேலையை விட்டார். நான் விடவில்லை. வீட்டுக்கடன் இருக்கிறது, பெண் குழந்தை இருக்கிறது என்று என்னிடம் நாலு காரணம் இருக்கிறது. நாலும் நியாயமான காரணம். இருந்தாலும் அவர் படத்துக்கு முன்னால் நிற்கும்போது கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.

வேட்டி, வெற்று மார்பு, தோளில் கம்பளி, கையில் கோல், காலில் சலங்கை. பின்னால் டப்பு. டப்பு என்பது தெலுங்கு நாட்டில் மாதிகர்கள் கையில் இருந்த மோளம். நம் பறையும் அதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அதையும் ஆண்டை வீட்டுச் சாவுக்கு அடி என்றுதான் வைத்திருந்தார்கள். ஜன நாட்டிய மண்டலி அந்த டப்பையே தூக்கிக்கொண்டு கூலிக்காரன் தெருவுக்கு வந்தது.

1985 ஜூலை 17ஆம் தேதி ஆந்திராவில் காரம்சேடு கிராமத்தில் ஆதிக்க சாதி நிலவுடைமையாளர்கள் தலித்துகளை வெட்டிக் கொன்றார்கள். குடிக்கிற தண்ணீர்க் குளத்தை அசுத்தம் செய்யாதே என்று கேட்டதில் ஆரம்பித்தது அது. கத்தர் அதைப் பாடினார், பேசினார். போலீஸ் தேடியது. தலைமறைவானார். சுமார் ஐந்து வருஷம் ஆளைக் காணவில்லை. காடு, பக்கத்து மாநிலங்கள் என்று சுற்றினார். ஆள் வர முடியாத ஊருக்குள் அவர் குரல் மட்டும் கேசட்டில் போனது.

1990 பிப்ரவரியில் திரும்பி வந்தார். ஐதராபாத் நிஜாம் கல்லூரி மைதானத்தில் கூட்டம். லட்சக்கணக்கில் ஜனம் என்று எழுதியிருக்கிறார்கள். அதே வருஷம்தான் மகேபாவும் திரும்பினார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்கச் சொன்ன மூன்று கேள்வியை இவரிடம் கேட்போம். ஏன் போனார்? இசைத்தட்டு விற்காமல் போகவில்லை. செத்தவர்கள் பக்கம் நின்றதால் துரத்தப்பட்டார். யாரிடம் வந்தார்? துரத்தியவன் போட்டுக் கொடுத்த மேடைக்கு வரவில்லை, கேசட்டில் குரல் கேட்டுக் காத்திருந்த ஜனங்களிடம் வந்தார். எதைக் கொண்டு வந்தார்? இதுதான் முக்கியம். பழைய பாட்டைப் பாடு என்று கேட்க ஆயிரம் பேர் இருந்தார்கள், அதையும் பாடினார். ஆனால் புதுசும் கட்டினார். தலித் விடுதலை, பெண்கள் பாடு, தனித் தெலங்கானா என்று பாட்டின் வட்டம் விரிந்துகொண்டே போனது. 1997 ஏப்ரல் 6ஆம் தேதி வீட்டு வாசலில் வைத்துச் சுட்டார்கள். ஒரு குண்டை எடுக்கவே முடியவில்லை, கடைசி வரைக்கும் முதுகெலும்புப் பக்கம் அது கூடவே இருந்தது. அந்தக் குண்டோடு ஆடினார். அறுபது வயசைத் தாண்டி, 2011இல் வந்த ஒரு படத்துக்கு அவர் எழுதிப் பாடிய பாட்டு தெலங்கானா போராட்டத்தின் பாட்டாகவே ஆனது.

அவரைச் சாமியாக்க நான் வரவில்லை. கடைசிக் காலத்தில் கோயில் கோயிலாகப் போனார். நம்மில் பலபேருக்கு அது பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. தேர்தலைப் புறக்கணி என்று பாடியவர் 2018இல்தான் முதல் முறையாக ஓட்டுப் போட்டார். அவர் மாறியது சரியா தப்பா என்று விவாதிக்கலாம். ஆனால் நின்ற இடத்திலேயே நின்று பழைய பாட்டை விற்றுப் பிழைக்கவில்லை. செத்த பிறகு அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 2025இல் தெலங்கானா அரசு சினிமாக்காரர்களுக்குக் கொடுத்த விருதுக்கு அவர் பெயர். உயிரோடு இருக்கும்போது துரத்துவது, செத்த பிறகு பெயரை எடுத்துக்கொள்வது. அரசாங்கத்துக்கு இது கைவந்த வித்தை.

பெரியப்பா கதைக்கு வருகிறேன். அவர் கோபிக்காமல் இருக்க வேண்டும்.

மோளத்தை எரித்த பிறகு பெரியப்பா பாண்டியில் கான்கிரீட் வேலைக்குப் போனார். தளம் போடுகிற அன்றைக்குக் கலவை மிஷின் சுற்றிக்கொண்டே இருக்கும், சாரத்தில் கீழேயிருந்து மேலே வரைக்கும் ஆள் வரிசையாக நிற்பார்கள், சட்டி கைமாறிக்கொண்டே போகும், காலிச் சட்டி கீழே வந்துகொண்டே இருக்கும். நடுவில் நிறுத்த முடியாது. அப்படி எத்தனை வீட்டுக்குத் தளம் போட்டாரோ. அதில் சில வீட்டுக்கு நான் கடன் பேப்பர் எழுதியிருப்பேன். அந்த டெட்ராய்ட் மனுஷன் வீடு இடித்தார், இவர் வீடு கட்டினார்.

பெரியம்மா செத்தபோது நம் சேரியில் அடிக்க ஆளில்லை. பேண்டு செட்டுக்காரர்கள் சினிமாப் பாட்டு வாசித்தார்கள். பெரியப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பதினாறாம் நாள் என்னிடம் சொன்னார்: “ஊரான் பொணத்துக்கெல்லாம் விடிய விடிய அடிச்சேன்டா. உங்க பெரிம்மாவுக்கு ஒரு அடி அடிக்கல.” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மோளத்தை விட்டது தப்பு என்று அவர் சொல்லவில்லை. விட்டதில் நம்முடையதும் போய்விட்டது என்றுதான் சொன்னார்.

இந்த வருஷம் பிள்ளைகள் போய்க் கேட்டார்கள். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள். “தாத்தா, எங்களுக்குப் பறை சொல்லிக் குடுங்க. ஆனா சாவு அடி வேணாம், அது இழிவு. விடுதலைப் பறை சொல்லிக் குடுங்க” என்றார்கள். பெரியப்பா சிரித்தாராம். “சாவு அடியில இன்னாடா இழிவு? அடிக்க வெச்சவன்கிட்ட இருக்குது இழிவு. செத்தா அழுவணும், அழுவறதுக்குத் தாளம் வேணும். நம்மாளு செத்தா நாம அடிக்கலாம். முதல்ல அத கத்துக்க, அப்பறம் புதுசு தானா வரும்” என்றார். இரண்டு மாசம் இந்த வாக்குவாதம் ஓடியது. நான் பிள்ளைகள் பக்கம்தான் பேசினேன். இப்போது பெரியப்பா பக்கம் சாய்ந்துவிட்டேன் என்பதைச் சபையில் ஒத்துக்கொள்கிறேன். கலை எது, இழிவு எது என்பது தாளத்தில் இல்லை. அடி என்று சொல்கிறவன் யார், மாட்டேன் என்று சொல்ல உனக்கு முடியுமா, இதில்தான் இருக்கிறது. 1999இல் மாட்டேன் என்று சொல்லிக் காட்டினதால்தான் இன்றைக்கு அடிக்கிறேன் என்று சொல்ல நமக்கு வாய் இருக்கிறது. அந்தக் கூட்டம் நடக்காமல் இந்த நிகழ்ச்சி இல்லை.

புது அடி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கையைக் காட்டினார். சட்டி கைமாறுகிற தாளம் அது. மேலே போகும்போது கனமாக ஒரு அடி, காலிச் சட்டி திரும்பி வரும்போது லேசாக இரண்டு. நடுநடுவே கலவை மிஷின் உருள்கிற மாதிரி சிம்புக்குச்சி ஓடும். காணாமல் போன 26 வருஷமும் அந்த அடிக்குள் இருக்கிறது. எரித்த மோளத்தை அப்படியே திரும்பக் கொண்டு வரவில்லை அவர். எரித்த பிறகு வாழ்ந்த வாழ்க்கையைக் கொண்டு வந்திருக்கிறார். ரோட்ரிகஸிடம் யாரும் கேட்காத பாட்டு இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

இன்றைக்குப் பறைக்கு மவுசு வந்துவிட்டது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைக் கையிலெடுத்தபோது முகம் சுளித்தவர்கள் இப்போது கைதட்டுகிறார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையில் கிட்டாரும் கானாவும் பறையும் ஒன்றாக ஏறின. பருத்திக் காட்டில் பிறந்ததும் சேரியில் பிறந்ததும் அன்றைக்கு நேருக்கு நேர் பார்த்துக்கொண்டன. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் மவுசு வந்தவுடன் ஊர் கூப்பிடுகிறதே, அதைக் கவனிக்க வேண்டும். “உங்க பசங்க நல்லா அடிக்கிறாங்களாமே, திருவிழாவுக்கு வந்து அடிங்க, ஆளுக்கு இவ்வளவு தந்துடறோம்” என்கிறார்கள். உதைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நடவு வேலை கொடுக்காமல் பட்டினி போட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கே நின்று அடிக்க வேண்டும் என்று கேட்டதற்கு, “வழக்கமா நிக்கிற இடம்தான்” என்றார்களாம். அந்த இடம் நமக்குத் தெரியும். மாட்டுக் கொட்டகை ஓரம்.

குழு என்ன முடிவு செய்தாலும் நான் கட்டுப்படுவேன். என் கருத்தை மட்டும் சொல்கிறேன். வேண்டாம் என்பது இல்லை என் கருத்து. எழுதிய ஒப்பந்தம் வேண்டும், மற்றக் கலைஞர்களுக்குக் கொடுக்கிற கூலி வேண்டும், அதே மேடை வேண்டும், நம் பெண் பிள்ளைகள் முன்வரிசையில் நிற்க வேண்டும், எந்தத் தெரு வழியாகவும் நடந்து போய் வர வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் போகக் கூடாது. இதையெல்லாம் நேற்று ராத்திரி ஒரு தாளில் எழுதிப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். வங்கிக்காரன் புத்தி, எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் போட்டுவிடும்.

அவர் முழுசும் கேட்டார். அப்புறம் சொன்னார்: “இதெல்லாம் சரிதான்டா. ஆனா ஏன் நாமளே போவணும்? நம்ம திடலு எங்க போச்சு? கேக்கணும்னா இங்க வரட்டும். பாய் விரிச்சுப் போடுவோம், தண்ணி குடுப்போம். உக்காந்து கேட்டுட்டுப் போவட்டும்.”

தோழர்களே, கத்தர் நிஜாம் கல்லூரி மைதானத்துக்கு வந்தார். ஜனம் அங்கே வந்து கேட்டது. பெரியப்பாவுக்குக் கத்தர் கதை நான் சொல்லித்தான் தெரியும், அதுவும் நேற்றுதான். ஆனால் நான் இருபது நிமிஷம் சுற்றி வளைத்து வந்த இடத்துக்கு அவர் நாலு வார்த்தையில் வந்துவிட்டார்.

அடுத்த நிகழ்ச்சி பொங்கல் முடிந்து இதே திடலில். ஊருக்கும் அழைப்பு கொடுப்போம் என்று குழு முடிவு செய்தால், அந்த அழைப்பிதழை எழுதுகிற வேலையை எனக்குக் கொடுங்கள். அதை மட்டும் நான் சரியாகச் செய்வேன்.

ஜெய்பீம்.